1909 தந்த மற்றொருவர்

1909 என்ற உடனே காஞ்சிக்காரர் எவருக்கும் நெஞ்சு நிமிரும். அந்த ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், தறியோசை ஓயாத இந்த ஊரிலே, நெசவாளர் குடும்பத்திலே அண்ணா பிறந்தார். அதை நாம் சொல்லித்தானா தோழர்கள் அறிய வேண்டும்! ஆனால், அதற்குச் சரியாக 29 நாட்களுக்கு முன்பு, ஆகஸ்ட் 17ஆம் நாள், நிஜாம் ஆண்ட ஐதராபாத்திலே மற்றொரு பிள்ளை பிறந்தது. சையத் அப்துல் ரகீம் என்பது பெயர். அண்ணா சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். ரகீமும் பள்ளி ஆசிரியர். அண்ணா இளைஞர்களை நம்பினார். ரகீமும் இளைஞர்களைத்தான் நம்பினார். இருவரையும் கொண்டுபோனது ஒரே கொடுநோய் — புற்றுநோய். ஒருவர் நாடாள வந்தார். மற்றவர் பந்தாடக் கற்றுக்கொடுத்தார்.

பந்தாட்டம்தானே என்று எண்ணிவிடலாகாது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டம் அது. பட்டாளத்துச் சிப்பாய்கள் தடித்த காலணியோடு ஆடினார்கள். நம்மவர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். 1911ஆம் ஆண்டு கல்கத்தாவின் மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலோடே ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்று காட்டியது. அடிமைப்பட்ட நாடு ஆர்ப்பரித்தது. உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு நெடுங்காலம் கால்பந்துக்கு முகவரி கல்கத்தா ஒன்றுதான் என்றாகிவிட்டது. தெற்கிலே கால் இல்லையா? பந்து இல்லையா? இருந்தன. கேட்பார்தான் இல்லை.

கேட்க வந்தவர் ரகீம். உசுமானியா பல்கலைக்கழகத்திலே படித்துப் பட்டம் பெற்றவர். அங்கேயே பந்தும் ஆடியவர். காச்சிகூடா, சஞ்சல்கூடா என்று ஐதராபாத்தின் பள்ளிகளிலே பாடம் நடத்தினார். 1943இல் ஐதராபாத் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் பொறுப்பேற்றார். 1950இல் ஐதராபாத் நகரக் காவலர் அணிக்குப் பயிற்சியாளரானார். இறக்கும்வரை அந்தப் பொறுப்பை விட்டாரில்லை.

அந்த அணி எப்படிப்பட்டது? அதிலே மிட்டா மிராசுகளின் செல்வக் குமாரர்கள் இல்லை. காக்கிச் சட்டை போட்டால் மாதம் பிறந்ததும் சம்பளம் வரும், வீட்டிலே உலை கொதிக்கும் என்று வந்த ஏழைப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் கொண்டுதான் 1950இலேயே மோகன் பகானை வென்று டுராண்டு கோப்பையைத் தட்டி வந்தார். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையையோ 1950 முதல் 1954 வரை, ஆண்டுதோறும், ஐந்து முறை தொடர்ந்து வென்றது அந்த அணி. கல்கத்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு தெற்கே பார்த்தது.

வித்தை என்ன? காஞ்சித் தோழர்களுக்கு விளக்குவது எளிது. கோர்வைப் புடவை நெய்கிறோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியிலே அமர்ந்தவர் ஒரு நாடாவை எறிய, பக்கத்திலே இருக்கும் துணையாள் கரை நாடாவை எறிகிறார். இருவர் கையும் ஒரே கணக்கிலே ஓடினால்தான் கரை உடலைப் பற்றும். ஒருவர் தம் திறமையைக் காட்ட முந்தினாலும் புடவை பாழ். ரகீம் சொல்லிக்கொடுத்தது அந்தக் கோர்வைக் கணக்கைத்தான். பந்தைக் காலிலேயே ஒட்டவைத்துக்கொண்டு நாலு பேரைச் சுற்றிவந்து கைதட்டு வாங்கும் ஆசையை அடக்கச் சொன்னார். வந்த பந்தை உடனே தோழனுக்குத் தா. தந்துவிட்டு, அடுத்த பந்து வரவேண்டிய இடத்துக்கு ஓடு. வலக்கால் பழக்கமுள்ளவன் இடக்காலையும் பழக்கு. மெலிந்த கால் என்று ஒன்று இருக்கலாகாது — இதுதான் பாடம்.

மெலிந்த காலைப் பழக்கியவர், மெலிந்த பையையும் பார்த்தார். சிக்கந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவிலே துளசிதாஸ் பலராம் என்றொரு பிள்ளை, தமிழ்ப் பெற்றோரின் மகன், வறுமை. ஐதராபாத் வரை வந்து பயிற்சி பெற வழிச்செலவுக்குக் காசில்லை. திறமை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ரகீம் திரும்பிவிடவில்லை. வாடகை மிதிவண்டிக்குக் காசு கொடுத்து வரவழைத்தார். அந்தப் பிள்ளை 1956இலும் 1960இலும் ஒலிம்பிக் களம் கண்டான். நாட்டின் தலைசிறந்த முன்னணி ஆட்டக்காரர்களிலே ஒருவனானான். மிதிவண்டிக் காசு இல்லாவிட்டால்? அம்முகூடாவோடு அந்தத் திறமை அடங்கியிருக்கும்!

நாட்டின் அணிக்கும் அவரே ஆசானானார். 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலே ஈரானை வென்று தங்கம். 1952இல் எல்சிங்கியிலே அடி — குளிரிலே, பலர் வெறுங்காலோடு ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். வெறுங்கால் வீரம் என்று பழம்பெருமை பேசி ரகீம் காலத்தைக் கழிக்கவில்லை. காலணியோடு ஆடப் பழகியது அணி. புதிய முறைகளைக் கற்றது. நடு முன்னணியாளரைச் சற்றே பின்னுக்கு இழுத்து, அவரைப் பிடிக்க வந்த எதிரியின் காவலைக் கலைக்கும் முறை ஐரோப்பாவிலே பரவிக்கொண்டிருந்தது. அதையும் கற்பித்தார்.

அந்த முறைக்கு ஆஸ்திரிய நாட்டு வியன்னாவிலே ஒரு முன்னோடி உண்டு. மத்தியாஸ் சிண்டலர், கொத்தனாரின் மகன், தொழிலாளர் குடியிருப்பிலே வளர்ந்து, ஆஸ்திரியா வியன்னா சங்கத்திலே புகழ் பெற்றவர். 1938இல் இட்லர் அந்த நாட்டை விழுங்கிய பிறகு, செர்மன் அணிக்கு ஆட மறுத்தார். 1939 சனவரியிலே அறையிலே பிணமாகக் கிடந்தார். கொத்தனார் மகனும் பள்ளி ஆசிரியரும் சந்தித்ததில்லை. ஆனால் மூளையால் ஆடும் ஆட்டம் ஏழை வீட்டிலும் பிறக்கும் என்பதற்கு இருவரும் சாட்சி.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிலே, நெவில் டிசோசா மூன்று கோல் போட, சொந்த மண்ணிலே ஆஸ்திரேலியா 4-2 என்று வீழ்ந்தது. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு என்ற பெயர் கிடைத்தது. முடிவிலே நான்காம் இடம்.

பிறகு 1962, ஜகார்த்தா. ரகீமின் நுரையீரலைப் புற்று அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. இசுரேலையும் தைவானையும் விலக்கியதை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்ததால் ஊரே பகை. செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே அதே கொரியா. கூச்சலிடும் கூட்டம். தலையிலே தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்னணிக்கு அனுப்பியிருந்தார் ரகீம். காய்ச்சலிலிருந்து எழுந்த பீட்டர் தங்கராஜைக் கோல் காக்க நிறுத்தினார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1, தங்கம்!

அந்தப் பதினொருவரைப் பாருங்கள், தோழர்களே. சீக்கியர் ஜர்னைல், கிறித்தவர் தங்கராஜ், முசுலிம் யூசுப் கான், வங்காளத்துச் சுனி கோஸ்வாமி, கேரளத்துச் சந்திரசேகரன், தமிழர் வீட்டுப் பலராம். ஆட்டுவித்தவர் ரகீம். பெயரைக் கேட்டதும் மதத்தை நாடி, மதத்தைக் கேட்டதும் நாட்டுப்பற்றை எடைபோடும் கூட்டம் ஒன்று இன்று கொக்கரிக்கிறதே, அந்தக் கூட்டம் ஜகார்த்தாவின் தங்கத்தை எந்தத் தராசிலே வைக்கும்?

1963 சூன் 11ஆம் நாள் ரகீம் மறைந்தார். வயது 53. வாழ்ந்த நாளிலே பத்ம விருது எதுவும் அவர் வாயிலை எட்டவில்லை. 2024இல் ஓர் இந்தித் திரைப்படம் வந்த பிறகே பலர் அவர் பெயரைக் கேட்டார்கள். 1962க்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்திலே தங்கம் நம்மிடம் திரும்பவே இல்லை.

குற்றம் தில்லியினுடையது மட்டும்தானா? நம்மையும் கேட்டுக்கொள்வோம். தலைவர் பிறந்தநாளுக்குப் போட்டி நடத்துகிறோம், கோப்பை தருகிறோம், படம் பிடித்துக்கொள்கிறோம். மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே ஆடுகிறான் என்று பார்த்தோமா? தறிக்குழியிலே துணையாளாய் உட்கார்ந்துவிட்ட சிறுவனின் காலிலே என்ன வித்தை இருந்தது என்று அறிந்தோமா? சமூகநீதி என்பது கல்லூரி வாயிலோடு முடிவதில்லை. ஆடுகளத்தின் வாயிலிலும் அது காவல் நிற்க வேண்டும்.

அடுத்த செப்டம்பர் 15இல் அண்ணா சிலைக்கு மாலையிடப் போகும்போது, 29 நாள் மூத்த அந்த ஆசிரியரையும் நினைப்போம். நம் தெருவிலே ஒரு பலராம் இருப்பான். அவனுக்குக் கோப்பை பிறகு தரலாம். முதலில் மிதிவண்டிக்குக் காசு கொடுப்போம்.