மரத்தடிக்கு வந்த மருத்துவர்

நம் வல்லம் வடகாலுக்கு அருகே, ஸ்ரீபெரும்புதூர் வழியாக மேற்கே ஓடும் நெடுஞ்சாலையில் இருக்கிறது இராணிப்பேட்டை. 1870-இல் அங்கே பிறந்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஓர் இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து பிரசவத்துக்கு அவரை அழைத்தனர். மருத்துவரான தந்தையார் வரச் சித்தமாயிருந்தும், ஆண் மருத்துவர் வேண்டாமென்று திரும்பிவிட்டனர். மூன்று தாய்மாரும் இறந்துபோயினர். அவ்வீட்டாரைக் குறைகூறுவது எளிது. ஐடாவோ அவர்கள் ஏற்கக்கூடிய மருத்துவராகத் தாமே ஆகி, 1900-இல் திரும்பினார்.

வேலூரில் மருத்துவமனை எழும்பிய பின்னும், வர இயலாதவர்களை அவர் மறக்கவில்லை. குறித்த நாளில் குடியாத்தம் சாலை மரத்தடிகளில் அவர் வண்டி நிற்கும். காத்திருக்கும் கிராமத்தாருக்கு அங்கேயே சிகிச்சை. ஆனால் ஒருவர் போதுமா? 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் தேறுவார்களா என்று ஐயுற்றோர் உண்டு. முதலாண்டுத் தேர்வெழுதிய 14 பேரும் தேறினர்.