பீப்பாயில் வந்த நல்ல பாம்புகள்

போன ஐப்பசி மழையில் நம் 'சி' பிளாக் கார் நிறுத்துமிடத்தில் நல்ல பாம்பு ஒன்று புகுந்ததும், தீயணைப்பு நிலையத்து ஆட்கள் வரும்வரை பாதிப் பேர் மாடிப்படியிலேயே நின்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறுநாள் நம் வாட்ஸ்அப் குழுவில் விஷமுறிவு ஊசி பற்றி நிறையச் செய்திகள் வந்தன. எந்தப் பாம்புக்கும் எந்த ஊரிலும் ஒரே ஊசி போதும் என்றுகூட ஒருவர் போட்டிருந்தார். அது உண்மையா என்று தேடப் போய், அந்த ஊசியின் மூலவர்களில் ஒருவரான ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டரின் வாழ்க்கையில் போய் நின்றேன். அவரே ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் நம்பியிருக்கிறார்!

கால்மெட் 1863ல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தவர். கடற்படை டாக்டராகி ஹாங்காங், ஆப்பிரிக்காவின் காபோன் என்று சுற்றினார். 1890ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் எமில் ரூ என்பவரிடம் பாடம் கேட்டார். மறு வருடமே, இன்றைய வியட்நாமில் உள்ள சைகோனில் ஆய்வுக்கூடம் தொடங்க அனுப்பிவிட்டார்கள். வயது முப்பதுகூட ஆகவில்லை. அம்மைக்கும் வெறிநாய்க் கடிக்கும் மருந்து தயாரிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. பாம்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

1891 அக்டோபரில் அங்கேயும் அடைமழை. பாக் லியூ என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வெள்ளத்துக்குத் தப்பிய நாகங்கள் குடிசைகளுக்குள் புகுந்தன. 40 பேர் கடிபட்டார்கள், நான்கு பேர் இறந்தார்கள். உள்ளூர் பாம்பாட்டி ஒருவர் 19 நாகங்களை உயிரோடு பிடித்துப் பீப்பாயில் அடைத்துவிட்டார். மாவட்ட அதிகாரி அந்தப் பீப்பாயை அப்படியே சைகோனுக்கு அனுப்பி வைத்தார். நானாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நாகத்தின் விஷம் முக்கியமாக நரம்பு சொன்னதைத் தசை கேட்காதபடி செய்கிறது. கடைசியில் மூச்சு விடும் தசைகளும் நின்றுபோகின்றன. கால்மெட் முதலில் ரசாயனங்களை வைத்து விஷத்தை முறிக்கப் பார்த்தார். பிறகு வேறு வழிக்கு வந்தார். முயலுக்கு மிகச் சிறிய அளவு விஷம், சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட, இன்னும் கூட. இப்படிப் பழக்கப்பட்ட முயல், மற்ற முயலைக் கொல்லும் அளவை ஏற்றினாலும் பிழைத்தது. அதன் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை வேறு பிராணிக்குப் போட்டால் அதுவும் பிழைத்தது. டிப்தீரியாவுக்கு இதே முறையில் சீரம் எடுக்க முடியும் என்பது அப்போதுதான் தெரியவந்திருந்தது.

வயிற்றுக்கடுப்பால் உடம்பு கெட்டு பிரான்ஸ் திரும்பிய அவர், 1894ல் முடிவுகளை வெளியிட்டார். அதே வருடம் பாரிசில் ஃபிசாலிக்ஸ், பெர்ட்ரான் என்ற இருவர் ஐரோப்பிய விரியனின் விஷத்தில் இதையே கண்டு சொன்னார்கள். பெயர் என்னவோ கால்மெட்டுக்கே அதிகம் நின்றது. அந்த இருவருக்கும் சம பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். 1895ல் லீல் நகரப் பாஸ்டர் நிறுவனத்துக்குத் தலைவரான பிறகு, குதிரைகளுக்கு மாதக்கணக்கில் விஷம் ஏற்றிச் சீரம் தயாரித்து இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு அனுப்பினார்.

இங்கேதான் சிக்கல். பாம்பு விஷங்களில் ஆளைக் கொல்லும் பொருள் பெரும்பாலும் ஒன்றுதான், ஆகவே நாக சீரம் மற்ற பாம்புகளுக்கும் உதவும் என்று அவர் எண்ணினார். ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மார்ட்டின் அந்நாட்டுப் பாம்பு விஷத்தில் சோதித்து, உதவவில்லை என்று எழுதினார். கால்மெட் எளிதில் ஒப்பவில்லை. சில வருடம் வாதம் நடந்தது. பிறகு இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் என்ற ராணுவ டாக்டர், அந்தச் சீரம் நாக விஷத்தை முறிக்கிறது, கண்ணாடி விரியனிடம் பலிக்கவில்லை என்று காட்டினார். விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் கெடுப்பது. நாக விஷத்தின் வழியே வேறு. ஒரு கணக்கில் வைத்த பணத்தை இன்னொரு கணக்கில் எடுக்க முடியாதல்லவா? இன்று நம் நாட்டு ஊசியில் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கின் விஷத்துக்கும் முறிவு சேர்ந்திருப்பது அதனால்தான். அதற்கான விஷத்தை எடுத்துத் தருவதில் நம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

லீல் பஞ்சாலைத் தொழிலாளர்களின் ஊர். காசநோய் அவர்களை அரித்துக்கொண்டிருந்தது. 1908ல் கால்மெட்டும், கால்நடை மருத்துவர் கமீல் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியை மாட்டுப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் வளர்த்து, சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றிவந்தார்கள். இப்படி 13 வருடம், 230 தடவை. நடுவில் 1914ல் அவர் அண்ணன் காஸ்டோன், லெ ஃபிகாரோ பத்திரிகை ஆசிரியர், ஒரு மந்திரியின் மனைவியால் சுட்டுக் கொல்லப்பட்டார். போரில் ஜெர்மானியர் லீலைப் பிடித்தார்கள். 1918ல் மனைவியைப் பிணைக்கைதியாகக் கொண்டுபோனார்கள். கிருமி மாற்றுவது மட்டும் நிற்கவில்லை. வீரியம் போய்ச் சாதுவான அந்தக் கிருமிதான் பி.சி.ஜி. கடைசி இரண்டு எழுத்துகள் கால்மெட், கெரான். 1921ல் பாரிசில், காசநோயால் தாயை இழந்த ஒரு பச்சைக் குழந்தைக்கு அது முதலில் வாய் வழியாகக் கொடுக்கப்பட்டது. குழந்தைக்கு நோய் வரவில்லை.

1930ல் இடி விழுந்தது. ஜெர்மனியின் லூபெக் நகரில் இந்த மருந்து கொடுத்த சுமார் 250 குழந்தைகளில் 72 பேர் இறந்தார்கள். உலகமே கால்மெட்டைப் பார்த்தது. பாரிசிலிருந்து போன கிருமியில் குற்றமில்லை, லூபெக் ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி அதில் கலந்துவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. அங்கிருந்த டாக்டர்கள் 1932ல் தண்டிக்கப்பட்டார்கள். ஆனாலும் அந்த 72 குழந்தைகளின் துக்கம் கால்மெட்டை விடவில்லை. 1933 அக்டோபர் 29ல் பாரிசில் காலமானார். குரு எமில் ரூ அடுத்த ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

1948ல் நம் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் வந்தது. என் இடது தோள் தழும்பு அங்கே தயாரான மருந்தின் அடையாளமாகத்தான் இருக்க வேண்டும். பள்ளி வராந்தாவில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன். எனக்கு முன்னால் நின்ற பையன் அழாததால் நானும் அழவில்லை.