பம்பாய்ச் சிங்கம் பெரோஸ்ஷா மேத்தா

காளை வந்தான் என்பது உவமையாகுபெயருக்கு நம் இலக்கண ஆசிரியர் மாணாக்கர்க்குக் காட்டும் உதாரணம். காளையின் வலிமையும் பொலிவும் உடைய வீரனுக்கு அவ்விலங்கின் பெயர் ஆகி வந்தது. இங்ஙனம் விலங்கின் பெயரை மக்கள்மேல் ஏற்றிக் கூறும் வழக்குப் போர்க்களத்தோடு நின்றுவிடவில்லை, சொற்களத்தினுள்ளும் புகுந்தது. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரைப் பரசமய கோளரி என்று சேக்கிழார் சுவாமிகள் போற்றினார். கோளரி என்பது சிங்கம். வைணவ ஆசாரியருள் ஒருவர் பிரதிவாதி பயங்கரம் என்னும் பெயராலேயே அறியப்படுகின்றார். அவர் மரபில் வந்தோர் அப்பெயரைத் தம் பெயருக்கு முன்னே இன்றும் தாங்குகின்றனர். ஆகவே, வாதிடுவோனை அஞ்சத்தக்க ஒன்றாகக் காண்பது நமக்குப் புதிதன்று.

வழக்காடு மன்றங்கள் வந்தபின் இப்பெயர்கள் நியாயதுரந்தரரிடம் சென்று தங்கின. எல்லை வழக்கும் கிணற்றுப் பங்கு வழக்கும் ஓயாத நம் ஊர்களிலே, இன்ன அப்புக்காத்து எதிர்ப்பக்கத்துச் சாட்சியைக் குதறி எடுத்துவிடுவார் என்று வழக்குக்காரர் பெருமையோடு பேசிக்கொள்வதை யான் சிறுவயதிற் கேட்டிருக்கிறேன். தம்மவர் என்றால் சிங்கம். எதிரியின் பக்கத்தவர் என்றால் நாய். பெயர் இரண்டும் ஒரே தொழிலுக்குத்தான். அமெரிக்காவிலே புளோரிடா மாநிலத்துச் சட்டத்தரணிகள் இருவர், கவ்வினால் விடாத பிட்புல் என்னும் சாதி நாயின் உருவைத் தம் தொலைக்காட்சி விளம்பரத்தில் இட்டு, அந்நாயின் பெயரே எழுத்தாக அமைந்த தொலைபேசி எண்ணையும் அறிவித்தனர். அது தொழிலின் மாண்பைக் குலைப்பதென்று கண்ட அம்மாநில உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் அவ்விருவரையும் பகிரங்கமாகக் கண்டித்தது.

அது தாமே சூடிக்கொண்ட பெயர். பிறர் சூட்டிய பெயரை வாழ்நாளெல்லாம் சுமந்த ஒருவரைப் பற்றியே யான் இங்கு எழுதப் புகுந்தேன். அவர் பம்பாய்ச் சிங்கம் எனப்பட்ட சேர் பெரோஸ்ஷா மேத்தா.

பெரோஸ்ஷா மேத்தா 1845ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆந் தேதி பம்பாயில் ஒரு பார்சி வணிகர் குடும்பத்திற் பிறந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்று 1864இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரி அதிபர் சேர் அலெக்ஸாந்தர் கிராண்ட் இவருடைய கூர்மையைக் கண்டு, இந்திய இளைஞர் சிலரை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சட்டம் படிப்பிக்க ருஸ்தம்ஜி ஜம்செட்ஜி ஜீஜீபாய் என்னும் செல்வர் வழங்க முன்வந்த உபகாரச் சம்பளத்துக்கு இவரைத் தெரிந்தனுப்பினார். அமெரிக்க உள்நாட்டுப் போரினாலே பம்பாய்ப் பருத்திக்குப் பொன்விலை கிடைத்த காலம் அது. 1865இல் போர் முடிந்ததும் பருத்தி விலை விழுந்தது. பங்கு வாணிகஞ் செய்த பெருஞ்செல்வர் பலர் ஒரே ஆண்டில் ஏழையராயினர். ருஸ்தம்ஜியும் அவருள் ஒருவர். மேத்தாவோ எப்படியோ படிப்பைக் கைவிடாது இலிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலே பயின்று 1868இல் பாரிஸ்டராகி ஊர் திரும்பினார். இலண்டனில் தாதாபாய் நவுரோஜி, பத்ருதீன் தயாப்ஜி, உமேஷ் சந்திர பானர்ஜி முதலியோருடைய உறவும் அவருக்கு வாய்த்தது. இம்மூவரும் மேத்தாவும் பின்னாளிற் காங்கிரஸ் மகாசபையின் தலைமைப் பீடத்தில் இருந்தோர் என்பது கருதத்தக்கது.

பம்பாய் உயர் நீதிமன்றத்திலே அக்காலத்துப் பெரும் வழக்குகள் ஆங்கிலேய நியாயதுரந்தரர் கையிலேயே இருந்தன. கறுத்த பாரிஸ்டர் ஒருவர் அவர்க்கு நிகராக எழுந்து வாதாடுவதே அன்று புதுமை. அதிலும் மேத்தா பணிந்து பேசுபவரல்லர். கணீரென்ற குரலும், எதிரியை எள்ளும் நகையும், நீதிபதி முகஞ்சுளித்தாலும் பின்வாங்காத நிலையும் சேர்ந்து சிங்கம் என்னும் பெயரை அவர்க்கு ஈட்டின. ஆங்கிலம் அறிந்தோர் பெரோஸ்ஷா என்னும் பெயரையே சற்றுத் திரித்து, கொடுவிலங்கின் சீற்றத்தைக் குறிக்கும் பெரோஷஸ் என்ற சொல்லாக்கி அவரை அழைத்தனர் என்பர். பகைவர் இட்ட பெயரோ நண்பர் இட்ட பெயரோ என்று பிரித்தறிய முடியாத பெயர் இது.

பெயர் பெற்றவனுக்கு அது செய்வது ஒன்று. கேட்டவனுக்குச் செய்வது மற்றொன்று. 1891இல் பாரிஸ்டர் பட்டம் பெற்று இலண்டனை விட்டுப் புறப்படவிருந்த இருபத்தோரு வயது இளைஞர் ஒருவர் பெரிதும் கலங்கினார். சட்டத்தைப் படித்தாயிற்று, வழக்காடுவது எப்படி என்று ஒருவரும் கற்பிக்கவில்லை. மேத்தா மன்றத்திற் சிங்கம்போற் கர்ச்சிப்பார் என்று கேள்வி. அந்தக் கர்ச்சனையை அவர் இங்கிலாந்தில் எங்கே கற்றார், தமக்கு அது எந்தப் பிறவியில் வரும் என்பதே அவ்வியாகுலம். அவ்விளைஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பிரெடரிக் பின்கட் என்னும் ஆங்கிலேயப் பெரியவரிடஞ் சென்று இதனை முறையிட்டார். பெரியவர் சிரித்தார். எல்லாரும் மேத்தாவாக வேண்டியதில்லை. நேர்மையும் உழைப்பும் உள்ளவன் ஒரு சாதாரண வழக்கறிஞனாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்று தேற்றி அனுப்பினார். தேறுதல் பம்பாய்க் கரைவரையில்தான் நிலைத்தது. அங்கே சிறு வழக்கு மன்றத்திலே 30 ரூபா கூலிக்கு ஏற்ற முதல் வழக்கில், எதிர்ப்பக்கத்துச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்த காந்தியடிகளுக்குத் தலை சுழன்றது. மன்றமே சுழல்வது போலிருந்தது. ஒரு வினாவும் எழவில்லை. அமர்ந்துவிட்டார். வேறொருவரை அமர்த்திக்கொள்ளுமாறு சொல்லிவிட்டு விரைந்து வெளியேறினார்.

இதற்கெல்லாம் மேத்தாவின் பெயரே காரணம் என்று யான் சொல்ல வரவில்லை. காந்தியடிகளுடைய இயல்பான கூச்சம் உலகறிந்தது. ஆயினும், கர்ச்சிப்பதே வழக்காடுதல் என்ற எண்ணம் ஒரு தொழிலின்மேற் படிந்துவிட்டால், மெல்லிய குரலுடையோர் எத்தனைபேர் வாசலோடு திரும்பியிருப்பர் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

அக்கர்ச்சனைக்குள்ளே இருந்தது யாது? இதனையும் காந்தியடிகளே பம்பாயில் நண்பர் வாயிலாக அறிந்தார். சாட்சியச் சட்டம் முழுவதும் மேத்தாவுக்கு மனப்பாடம். அதன் 32ஆம் பிரிவின்மேல் எழுந்த தீர்ப்புக்கள் அத்தனையும் அவர் நாவில் நின்றன என்று அவர்கள் கூறினர். அச்சட்டம் 1872ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இந்தியாவில் 2024வரை வழங்கிற்று. அதனைத் தழுவி 1895இல் இங்கு இயற்றப்பட்ட சாட்சியக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் மன்றங்களில் ஆள்கின்றது. நம் சட்டத்திலும் அப்பிரிவு 32ஆம் பிரிவேயாம். இறந்துபட்டோர், காணாமற் போனோர், மன்றுக்கு வர இயலாதோர் முன்பு கூறிய சொல் எப்பொழுது சாட்சியாகும் என்பதை அது கூறும். மரண வாக்குமூலம் அதனுள் அடங்கும். பேச இயலாதவனின் சொல்லை மன்றில் ஏற்றுவிக்கும் பிரிவு அது. சிங்கம் என்று உலகம் கண்டவர், இரவிலே விளக்கின் முன்னிருந்து இப்பிரிவுக்குத் தீர்ப்புத் தீர்ப்பாக நெட்டுருப் போட்டவர். சூத்திரமும் உரையும் மனனஞ் செய்விக்கும் தொழிலுடையேன் ஆதலால் இச்செய்தியை யான் சற்றே கூடுதலான உவகையோடு எழுதுகிறேன் என்று அன்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். நன்னூல் நாவில் இல்லாதவன் ஒரு சொல்லைப் பிரிக்க அஞ்சுவதையும், உள்ளவன் அஞ்சாது நிற்பதையும் வகுப்பிலே நாடோறும் காண்கிறேன்.

சிங்கத்தின் மற்றொரு முகம் 1892இல் வெளிப்பட்டது. இராஜ்கோட்டையிலே, தமையனாருக்காகப் பரிந்து பேசச் சென்ற காந்தியடிகளை ஆங்கிலேய அரசியல் அதிகாரி தம் சேவகனைக் கொண்டு தோளைப் பிடித்து வெளியே தள்ளுவித்தார். இளைஞருக்குச் சினம் பொங்கிற்று. வழக்குத் தொடுப்பேன் என்று அதிகாரிக்குக் கடிதம் விடுத்தார். அவ்வேளை ஒரு வழக்கின் பொருட்டு மேத்தா அவ்வூருக்கு வந்திருந்தார். பெரிய பாரிஸ்டரை நேரிற் காண இளையவர் துணியவில்லை; வேறொரு வக்கீல் மூலம் ஆலோசனை கேட்டனுப்பினார். கர்ச்சனை வரும் என்று எதிர்பார்த்திருப்பார் போலும். வந்த விடை வேறு. இத்தகைய அவமதிப்பு வக்கீல்களுக்கும் பாரிஸ்டர்களுக்கும் இந்நாட்டில் வழமையானது. இளைஞர் சீமையிலிருந்து புதிதாக வந்தவர், இரத்தம் சூடாயிருக்கிறது. பிழைக்க வேண்டுமானால் கடிதத்தைக் கிழித்துப்போட்டு அவமானத்தை விழுங்கிக்கொள்ளட்டும். வழக்குத் தொடுத்தால் கெடுவது அதிகாரியல்ல, அவரேதான். உலகத்தை அவர் இன்னும் அறியவேண்டும். இதுவே விடை. காந்தியடிகளுக்கு அது நஞ்சாய்க் கசந்தது. எனினும் விழுங்கினார். அடுத்த ஆண்டே தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறினார்.

மேத்தா கோழையானாரோ என்று கேட்பவர் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. தாம் நிற்க நிலமுள்ள இடத்தில் மட்டும் பாய்பவர் அவர். 1871இல், பம்பாய் நகரசபை ஆணையாளர் குரோபோர்டுமேல் நகரமே சீறிய காலத்தில், குறை ஆளிடமன்று, அமைப்பிலேயே உள்ளது; வரியிறுப்போர் தெரிந்தெடுக்கும் சபையே மருந்து என்று ஒரு கட்டுரை படித்தார். கேட்டோர் அவர்மேலும் சீறினர். அவர் அசையவில்லை. மறு ஆண்டே தெரிவுமுறை பகுதியளவில் வந்தது; 1888ஆம் ஆண்டு நகரசபைச் சட்டத்தின் உருவாக்கத்தில் அவர் கை பெரிது. பம்பாயின் குடிநீர், வடிகால், வரிக்கணக்கு என்று வாழ்நாள் முழுவதும் அச்சபையிலே அவர் செலவிட்ட பொழுதுகளில் கர்ச்சனைக்கு இடமேயில்லை. 1895இல் இந்தியச் சட்டசபையிலே பொலிஸ் மசோதாவை அவர் பிரிவு பிரிவாகக் கிழித்தபோது, நிதியுறுப்பினர் சேர் ஜேம்ஸ் வெஸ்ட்லண்ட் சபையினுள் ஏதோ புதிய ஆவி புகுந்துவிட்டதென்று முறையிட்டார். 1901இல் உழவர்க்குக் கேடான நிலவரி மசோதாவை எதிர்த்துப் பம்பாய்ச் சட்டசபையை விட்டே தம் அணியினருடன் வெளிநடந்தார்.

1896இல் தென்னாபிரிக்க இந்தியர் துயரைச் சொல்ல வந்த காந்தியடிகள், ரானடே, தயாப்ஜி ஆகிய இருவரும் வழிகாட்ட, மேத்தாவின் அறை வாயிலில் நின்றார். சிங்கத்தின் முன் செல்லும் நடுக்கம். உள்ளே கண்டதோ வளர்ந்த மகனை வரவேற்கும் தந்தையை. மேத்தா உடனே பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்தார். முதல்நாள் மாலை காந்தியடிகளை அழைத்து, பேச்சு எழுதியாயிற்றா என வினவினார். இல்லை, வாய்க்கு வந்தவாறு பேசுவேன் என்று விடை. பம்பாயில் அது செல்லாது. எழுதி இன்றிரவே அச்சிடவேண்டும் என்று பணித்து, அச்சுக்கும் ஆளை ஏவினார். மறுநாள் அவ்வேற்பாட்டின் அருமை விளங்கிற்று. நிறைந்த மண்டபத்திலே காந்தியடிகளின் குரல் நடுங்கி அமிழ்ந்தது. மேத்தா இன்னும் உரக்க, இன்னும் உரக்க என்று ஊக்கியும் பயனில்லை. இறுதியில் தின்ஷா வாச்சா அப்பேச்சை வாங்கி முழங்கப் படித்தார், மண்டபம் ஆரவாரித்தது. கர்ச்சிக்க இயலாதவர்க்கு அச்சிட்ட தாளையும் பிறர் குரலையும் தேடிக்கொடுத்த இச்செயலே மேத்தாவின் வாழ்விற் சிறந்ததென்பேன்.

அவர் குறையற்றவர் அல்லர். சிங்கம் என்று பலகாலும் அழைக்கப்பட்டவர்க்குத் தனியரசு செலுத்தும் பழக்கம் வந்துவிடுகிறது. முடிசூடா மன்னர் என்பது அவருடைய மற்றொரு பெயர். காங்கிரஸைத் தம் அறையிலிருந்தே ஆள்கிறார் என்று திலகர் பக்கத்தவர் மனம் புழுங்கினர்; அப்புழுக்கத்தில் நியாயம் உண்டு. 1907இல் சூரத்து மகாசபை பிளந்தபோது மேடையை நோக்கி வந்த செருப்பொன்று சுரேந்திரநாத் பானர்ஜியின் கன்னத்திற் பட்டுத் தெறித்து மேத்தாமேலும் விழுந்தது. 1909இல் இலாகூர் மகாசபைக்குத் தலைவராகத் தெரியப்பட்டு, கூடுவதற்குச் சின்னாட்கள் முன்னே காரணங் கூறாமல் விலகினார். மாளவியா அவ்விடத்தை நிரப்பினார்.

1915ஆம் ஆண்டு சனவரியிலே காந்தியடிகள் தென்னாபிரிக்காவை நீத்துப் பம்பாய் வந்திறங்கினார். ஜெகாங்கீர் பெடிட் என்பாரின் மாளிகையில் வரவேற்பு, தலைமை மேத்தா. சீமை உடுப்பும் பளிங்குத் தரையும் மின்னும் அவ்விடத்திலே, கத்தியவார் நாட்டுக் குடியானவர் உடையில் நின்ற காந்தியடிகளுக்குப் பழைய கூச்சம் மீண்டது. ஆயினும் அன்று தலை சுழலவில்லை. மேத்தா அருகிருந்து அணைத்துக் காக்க, பேசவேண்டியதைப் பேசி முடித்தார். அவ்வாண்டு நவம்பர் 5ஆந் தேதி, தமது 70ஆம் வயதிலே, மேத்தா பம்பாயிற் காலமானார்.