நாயின் இதயத்துக்குள் புழு எப்படிப் போகிறது? விடை கண்ட கிராஸியின் கதை

கொசு ஆராய்ச்சி என்றாலே ரொனால்ட் ராஸ்தான் நினைவுக்கு வருவார். மலேரியா, செகந்திராபாத், 1902 நோபல் பரிசு என எல்லாம் பள்ளியில் படித்ததுதான். அதே காலத்தில் இத்தாலியில் கொசுவைத் துரத்திக்கொண்டிருந்த ஜியோவன்னி பட்டிஸ்டா கிராஸியை இங்கே பலருக்குத் தெரியாது. நாய் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் இவர்.

1854-ல் ரோவெல்லாஸ்கா என்ற ஊரில் பிறந்தார். மருத்துவப் பட்டம் வாங்கினாலும் மனசு முழுக்க விலங்கியலில். 1878-ல் ஒரு பிரேதப் பரிசோதனையில் குடல் நிறைய உருண்டைப்புழுக்களைப் பார்த்தார். அவற்றின் முட்டைகளை மாதக்கணக்கில் பாதுகாத்து, அடுத்த ஆண்டு தானே விழுங்கினார்! சுமார் ஒரு மாதத்தில் அவர் மலத்தில் புழு முட்டைகள் வந்துவிட்டன. குமட்டலாம்; ஆனால் முட்டை வாய்வழியே போனாலே புழு வரும் என்பது உறுதியானது. நாய்களின் உருண்டைப்புழு பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. நாய் மலத்தை உடனே அள்ளச் சொல்வது இதனால்தான்.

பிறகு சிசிலியின் கத்தானியாவில் பேராசிரியர் வேலை. 1889-ல் ரோவெல்லியுடன் சேர்ந்து நாடாப்புழுவை ஆராய்ந்தார். அதன் இளம்பருவம் தெள்ளுப்பூச்சிக்குள் வளர்கிறது. அரிப்பில் உடம்பைக் கடிக்கும் நாய் பூச்சியையும் விழுங்கிவிடுகிறது. ஆகவே, பூச்சியை ஒழிக்காமல் புழு மாத்திரை மட்டும் கொடுத்தால் நாடாப்புழு திரும்ப வரும்.

இதயப்புழு மட்டும் புதிராகவே இருந்தது. 30 செ.மீ. வரை நீளும் புழு, ரத்தக் குழாய்க்குள் எப்படி நுழையும்? யானைக்கால் புழு கொசுவுக்குள் வளர்வதை 1877-ல் கண்ட பேட்ரிக் மேன்சன்கூட, கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால்தான் மனிதருக்குப் புழு வருகிறது என நினைத்தார்.

1900-ல் கிராஸியும் ஜியோவன்னி நோவேயும் நாயின் இதயப்புழுவை வைத்து வேறு விடை கண்டார்கள். நோயுள்ள நாயின் ரத்தத்தோடு கொசுவுக்குள் போகும் இளம்புழுக்கள் அங்கே வளர்ந்து, அதன் வாயுறுப்புக்கு வந்து சேர்கின்றன. அடுத்த நாயைக் கடிக்கும்போது வெளியேறி உடலுக்குள் புகுகின்றன. குடிநீர் காரணமில்லை. நாயிடமிருந்து நாய்க்கு நேரடியாகவும் தொற்றாது.

உள்ளே போன புழு முழு வளர்ச்சி பெறச் சுமார் 6 மாதம் ஆகும். இன்று மாதந்தோறும் தரும் தடுப்பு மருந்து கொசுக்கடியைத் தடுப்பதில்லை. புகுந்த இளம்புழுக்களை வளரும் முன்பே கொல்கிறது. மாதம் தவறினால் சிக்கல். ஏற்கெனவே புழு உள்ள நாய்க்குச் சில மருந்துகள் ஆபத்தாகலாம் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை அவசியம். மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கொசுவலையின் பலனையும் கிராஸி நிரூபித்தார். 1900-ல் கபாச்சோ சமவெளியில் வலையடித்த வீடுகளில் தங்கிய 112 பேரில் 5 பேருக்கு மட்டுமே மலேரியா வந்தது. மனித மலேரியாவைப் பரப்புவது அனோஃபிலிஸ் கொசு என்று 1898-லேயே அவரது குழு காட்டியிருந்தது. ஆனாலும் நோபல் ராஸுக்குப் போனது. இருவருக்கும் இடையிலான சண்டை கடைசிவரை தீரவில்லை. அந்தக் கசப்பில் மலேரியாவைவிட்டுப் பல ஆண்டுகள் விலகியிருந்த கிராஸி, முதல் உலகப் போர்க் காலத்தில் அது மறுபடி பரவியபோது திரும்பி வந்தார். 1925-ல் ரோமில் இறந்தவரை, மலேரியா பாதித்த மக்களிடையே அவர் வேலை செய்த ஃபியுமிசினோவில் அடக்கம் செய்தார்கள்.