புசா ரோடு பக்கத்தில் ஒரு சாலைக்குத் தமிழரின் பெயர்: யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

வேலைக்காகவோ யுபிஎஸ்சி பயிற்சிக்காகவோ டெல்லியில் தங்கியிருந்தால் புசா ரோடு உங்களுக்குப் பழகிய இடமாகத்தான் இருக்கும். கரோல் பாக் மெட்ரோ, பழைய ராஜிந்தர் நகரின் கோச்சிங் சென்டர்கள், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி என்று நம்ம ஆட்கள் புழங்கும் பகுதி அது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வேளாண் ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டி, இன்னொரு சாலை போகிறது. அதன் பெயர் டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க். ஆட்டோவில் பலமுறை கடந்திருப்பீங்க, போர்டைப் படித்திருக்க மாட்டீங்க. தேசிய இயற்பியல் ஆய்வகம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தவர்.

(புசா என்ற பெயரே டெல்லியுடையது இல்லை. பிகாரில் உள்ள ஊர் அது. 1934 நிலநடுக்கத்தில் அங்கிருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் இடிந்துபோக, டெல்லிக்கு மாற்றினார்கள். நிலையத்தோடு பெயரும் வந்துவிட்டது.)

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் என்பது முழுப் பெயர். 1898 டிசம்பர் 4-ல் பிறந்தார். அப்பா விவசாயி, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நல்ல புலமை உள்ளவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படிப்பு முடிந்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மதிய உணவு நேரத்தில் யார் வேண்டுமானாலும் வந்து இயற்பியல், வேதியியல், கணிதம் எதிலும் கேள்வி கேட்கலாம் என்று ஒரு கூட்டம் நடத்தினார். பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் வரத் தொடங்கினார்கள் என்றால் எப்படிப்பட்ட ஆசிரியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1920-ல் கல்கத்தா போனார். 1923-ல் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி.ராமனிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

கண்தான் கருவி

இன்றைக்குக் கதிர்வீச்சைக் கண்டறிவது என்றால் சென்சார், கம்ப்யூட்டர் திரை என்றுதான் நமக்குத் தோன்றும். 1928-ல் கிருஷ்ணனிடம் இருந்த டிடெக்டர், இருட்டுக்குப் பழக்கப்படுத்திய அவருடைய கண்.

சோதனை இதுதான். பெரிய தொலைநோக்கி லென்ஸ் வழியாகச் சூரிய ஒளியைக் குவித்து, ஒரு திரவத்துக்குள் செலுத்த வேண்டும். உள்ளே போகும் ஒளியின் பாதையில் நீல-ஊதா ஃபில்டர். திரவத்தில் பட்டுச் சிதறி வரும் ஒளியைப் பார்க்கும் பக்கத்தில் மஞ்சள்-பச்சை ஃபில்டர். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. முதலாவது விடுவதை இரண்டாவது தடுத்துவிடும். அப்படியென்றால் பார்ப்பவருக்கு எதுவுமே தெரியக்கூடாது, இல்லையா? ஆனால் மங்கலாக ஏதோ தெரிந்தது. ஒளி திரவத்துக்குள் போய்த் தன் நிறத்தை மாற்றிக்கொண்டு வந்திருந்தது.

இந்த மங்கல் ஒளி ராமனின் ஆய்வகத்துக்குப் புதிதல்ல. 1923-ல் கே.ஆர்.ராமநாதன் பார்த்தார். 1925-ல் கிருஷ்ணனும் பார்த்தார். திரவத்தில் இருக்கும் அழுக்கு ஒளிர்கிறது, அதாவது ஃப்ளூரசென்ஸ், என்றே அப்போது நினைத்தார்கள். திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தப்படுத்தியும் அது போகவில்லை. துப்பு கிடைத்தது இன்னொரு பக்கத்திலிருந்து. இந்த ஒளி போலரைஸ் ஆகியிருந்தது; அதன் அதிர்வு பெரும்பாலும் ஒரே திசையில் இருந்தது. சாதாரண ஃப்ளூரசென்ஸ் அப்படி இருக்காது.

1928 பிப்ரவரி தொடக்கத்தில் கிருஷ்ணனை இந்தச் சோதனையில் முழுமூச்சாக இறக்கினார் ராமன். அந்த நாட்களைக் கிருஷ்ணன் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். பிப்ரவரி 7-ம் தேதி ஒரு திரவத்துக்குப் பின் இன்னொன்றாக எல்லாவற்றிலும் அந்த ஒளி தென்பட்டது. அன்று இரவு ராமன் கிருஷ்ணனின் வீட்டுக்கே வந்து, பகலில் பார்த்தது கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் கணக்கில் சொல்லியிருந்த விளைவாகத்தான் இருக்க வேண்டும் என்று பரபரப்போடு சொன்னார். ஒளி மூலக்கூறின் மீது மோதும்போது கொஞ்சம் ஆற்றலைக் கொடுக்கிறது அல்லது வாங்குகிறது. அந்த அளவுக்கு அதன் நிறம் நகர்கிறது. எவ்வளவு நகர்கிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும். கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஆலையில் ஒரு பொடி எது என்று பாக்கெட்டைப் பிரிக்காமலே சொல்லும் கையடக்கக் கருவி வேலை செய்வது இந்த அடிப்படையில்தான்.

சுமார் 60 திரவங்களைச் சோதித்த முடிவு, ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் நேச்சர் இதழுக்குப் போனது. மார்ச் 31-ல் வெளிவந்தது. இதற்கிடையே பிப்ரவரி 28-ல் ஸ்பெக்ட்ராஸ்கோப் வழியாகப் பார்த்து ஐயமறத் தெரிந்துகொண்டார்கள். தேசிய அறிவியல் தினம் என்று நாம் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். மார்ச் 16-ல் பெங்களூரில் ராமன் ஆற்றிய உரை அவர் ஒருவர் பெயரில் அச்சாகி, உலகெங்கும் உள்ள விஞ்ஞானிகளுக்கு அனுப்பப்பட்டது.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். அதே வாரங்களில் மாஸ்கோவில் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்ட லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் இருவருக்கும் கூட இல்லை.

அநியாயமா?

ஆபீஸில் நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்த ப்ரெசென்டேஷனில் மேனேஜர் பெயர் மட்டும் இருந்த அனுபவம் இருந்தால், உங்கள் பதில் உடனே வந்துவிடும். ஆனால் இந்தக் கதை அவ்வளவு நேராக இல்லை. கேள்வியைக் கேட்டவர் ராமன். 1921-லிருந்து ஒளிச்சிதறலைத் துரத்திக்கொண்டிருந்தவரும் அவர்தான். எந்தத் திரவத்தை எப்படிப் பார்ப்பது என்ற கைவேலையும், கண்டதை நம்பலாமா என்ற தீர்ப்பும் பெருமளவு கிருஷ்ணனுடையவை. ராமன் விளைவு என்ற பெயர் சரிதான். அதற்குப் பக்கத்தில் கிருஷ்ணன் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் அநேகமாக வராமலே போனதுதான் சரியில்லை என்பது என் எண்ணம். அவரோ பொதுவெளியில் இதை ஒரு சண்டையாக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர் வேலைக்குப் போய்விட்டார். இயற்பியல் துறைக்கு அங்கே தலைவராக இருந்தவர் சத்யேந்திரநாத் போஸ்.

கிருஷ்ணனை நோபல் கிடைக்காதவர் என்று மட்டும் அறிமுகப்படுத்தினால், அதற்குப் பிறகான 33 ஆண்டுகள் காணாமல் போய்விடும். அவருடைய சொந்த வேலை டாக்காவில்தான் தொடங்குகிறது.

பெரும்பாலான படிகங்கள் காந்தத்துக்கு மிகமிக லேசாகத்தான் அசைந்து கொடுக்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசத்தை எப்படி அளப்பது? முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைக் கட்டி, காந்தப்புலத்துக்குள் தொங்கவிட்டார். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால், படிகம் தனக்குப் பிடித்த திசையை விடாமல் இழுத்துப் பிடிக்கும். அது 45 டிகிரி திரும்பியதும் பிடி விட்டுப்போய், சட்டென்று புரண்டுவிடும். எவ்வளவு முறுக்கியபோது புரண்டது என்று குறித்துக்கொண்டால், திசைக்குத் திசை உள்ள வித்தியாசம் கணக்கில் வந்துவிடும். அதிலிருந்து படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது வரை ஊகிக்க முடிந்தது. லண்டனில் எக்ஸ் கதிர் கொண்டு படிகங்களை ஆராய்ந்துவந்த கேத்லீன் லான்ஸ்டேலுக்கு இது அவ்வளவு பயன்பட்டது. 1936-ல் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள்.

ராமன் பெங்களூர் போன பிறகு, 1933-ல் கல்கத்தாவுக்குத் திரும்பினார் கிருஷ்ணன். அங்கே கையில் எடுத்தது கிராஃபைட், பென்சில் முனையில் இருக்கும் அதே பொருள். அதன் எலக்ட்ரான்கள் ஒரு அடுக்குக்குள் தாராளமாக ஓடுகின்றன, அடுக்குவிட்டு அடுக்கு தாவுவதோ மிகக் குறைவு, அதாவது கிட்டத்தட்ட இரு பரிமாண உலகம் என்று கங்குலியுடன் சேர்ந்து 1941-ல் எழுதினார். அந்த ஒற்றை அடுக்கை மான்செஸ்டரில் பிரித்தெடுத்தது 2004-ல். கிராஃபீன் என்ற பெயரில் 2010-ல் அதற்கு நோபல் கிடைத்தது.

1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1946-ல் சர் பட்டம். பிறகுதான் டெல்லி.

புதிய நாட்டுக்கு ஒரு அளவுகோல்

1947 ஜனவரி 4-ல் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரி 21-ல் படேல் திறந்துவைத்தார். இப்படிப் பெரிய கட்டடங்களை எழுப்பி அறிவியலை வளர்க்க முடியாது என்று வெளிப்படையாகவே விமர்சித்தவர் ராமன். நல்ல ஆய்வு பல்கலைக்கழகத்தில், சின்ன அறையில், ஆர்வமுள்ள சிலரால் நடக்கும் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்ட சின்ன அறைக்கு பவ்பஜாரைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த அறையிலிருந்து வந்த கிருஷ்ணனே பெரிய கட்டடத்துக்குப் பொறுப்பேற்றார்.

யார் சொன்னது சரி? ராமன் பயந்தது வீண் பயமில்லை. நிர்வாகம் ஆராய்ச்சியாளரின் நேரத்தைத் தின்னும். அதே சமயம், ஒரு நாடு கிலோ என்றால் என்ன, வினாடி என்றால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு இடம் வேண்டாமா? ஊருக்கு ஊர் சேரும் மணங்கும் வேறாக இருந்த நாடு இது. 1956 சட்டத்தின் வழியாக மெட்ரிக் அளவுமுறை வந்தபோது, சர்வதேச கிலோகிராமின் 57-ம் எண் பிரதி இந்த ஆய்வகத்தில்தான் வைக்கப்பட்டது. உங்கள் போனில் ஓடும் இந்திய நேரத்துக்கு அதிகாரபூர்வ ஆதாரமும் இதே இடம்தான்.

1948-ல் அமைந்த அணுசக்தி ஆணையத்தில் மொத்தம் மூன்று பேர்: ஹோமி பாபா, பட்நாகர், கிருஷ்ணன். 1958-ல் பட்நாகர் பெயரில் விருது தொடங்கியபோது, முதலில் பெற்றவரும் கிருஷ்ணன். இத்தனை கமிட்டிகளுக்கு நடுவிலும் சோதனை மேஜையை அவர் விடவில்லை. சூடான உலோகங்களிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவதை எஸ்.சி.ஜெயினுடன் சேர்ந்து அளந்துகொண்டிருந்தார்.

1961 ஜூனில், இயக்குநர் பதவியில் இருக்கும்போதே காலமானார். வயது 62. ராயல் சொசைட்டிக்காக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் லான்ஸ்டேலும் பாபாவும். அது அச்சில் வந்தது 1967-ல். அதற்கு முந்தைய ஆண்டே விமான விபத்தில் பாபாவும் போய்விட்டிருந்தார்.