இரும்பு மலை கண்ட போஸ்

போஸ் என்றதும் நம்மில் பலருக்கு நேதாஜி நினைவுக்கு வருவார். விஞ்ஞான மாணவர்களுக்கு ஜகதீச சந்திரரும் சத்யேந்திர நாதரும் வருவார்கள். பூகர்ப்ப சாஸ்திரம் படிக்கும் எங்களுக்கோ முதலில் வருபவர் பிரமத நாத போஸ்.

1855-ல் வங்காளத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று 1874-ல் லண்டன் சென்று படித்தார். 1880-ல் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் சேர்ந்தார். அங்கே உயர்தர உத்தியோகத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

அன்றைய ராய்ப்பூர் ஜில்லாவின் மேற்குப் பகுதியில் இரும்புத் தொழிலை ஆராய்ந்து 1887-ல் அறிக்கை எழுதினார். டல்லி ராஜ்ஹராக் குன்றுகள் இப்படித்தான் ஏட்டில் ஏறின. கண்டுபிடித்தார் என்று சொல்வது அவ்வளவு சரியன்று. அந்தப் பக்கத்துக் கிராமத்தார் சிறு உலைகளில் இரும்பு உருக்கியே வந்தார்கள். பின்னர் பஸ்தரில், எருதின் திமில் போல் நிற்கும் பைலாடிலா மலையையும் பார்த்து எழுதினார். ஹெமடைட் கல்லைத் தூக்கியவர்களுக்குத் தெரியும்: அளவைப் பார்த்து ஏமாந்து எடுத்தால் கை தாழ்ந்து போகும். அதன் சிவப்புத் தூள் சட்டையில் பட்டால் மூன்று சலவைக்கும் போகாது.

1903-ல் இலாகாவின் டைரக்டர் பதவி, போஸுக்குப் பத்தாண்டு பின்னால் சேர்ந்த தாமஸ் ஹாலந்துக்குப் போயிற்று. ஹாலந்து சாமானியர் அல்லர். நம் பரங்கிமலைக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர் சூட்டியவர் அவர்தாம். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடப்பதும் அதே இனக் கல். ஆகவே தகுதியற்றவருக்குப் பதவி போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருபத்து மூன்று ஆண்டு உழைத்தவரைத் தாண்டிப் போனதற்குத் தோலின் நிறமே காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போஸ் ராஜினாமாச் செய்தார். அப்போது வயது நாற்பத்தெட்டு. உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருக்கும் என்னால் இந்த இடத்தைச் சுலபமாகக் கடந்து செல்ல முடிவதில்லை.

மயூர்பஞ்ச் சமஸ்தானம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே கோருமஹிசானி மலையில் உயர்ந்த இரும்புத் தாது ஏராளமாக இருக்கக் கண்டார். 1904 பிப்ரவரி 24-ல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். மே மாதம் ஜாம்ஷெட்ஜி காலமானார். அவர் மகன் தோராப்ஜியின் குழு, நாகபுரியில் இருந்த போஸின் பழைய படத்தைக் கொண்டு ராஜ்ஹராவுக்குப் போய்ப் பார்த்தது. தாது இருந்தது, ஆலைக்கு வேண்டிய நிலக்கரியும் நீரும் தோதாக அமையவில்லை. அதன்பிறகே மயூர்பஞ்சுக் கடிதத்தின் பக்கம் திரும்பினார்கள். 1907-ல் கம்பெனி பிறந்தது. சுவர்ணரேகை ஆற்றங்கரையில் சாக்சியில் ஆலை எழுந்தது. 1912-ல் எஃகு வார்த்தார்கள். சாக்சிதான் பிற்பாடு ஜாம்ஷெட்பூர் ஆயிற்று.

இதற்கிடையில் 1906-ல் கல்கத்தாவில் தொடங்கிய வங்காளத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்துக்குப் போஸ் முதல் பிரின்ஸிபால் ஆனார். ஜாதவ்பூர் சர்வகலாசாலையாக வளர்ந்தது அதுவே.

1934-ல் அவர் காலமானார். டல்லி ராஜ்ஹராத் தாதுவை உருக்கும் பிலாய் உலை 1959-ல்தான் மூண்டது. பைலாடிலாச் சுரங்கம் 1968-ல் வேலை தொடங்கி, விசாகப்பட்டினம் வழியாக ஜப்பானுக்குத் தாது அனுப்பியது. ராஜ்ஹராவைப் பற்றி எழுதியபோது போஸுக்கு வயது முப்பத்திரண்டு.