அயலை ஏற்கச் செய்த அறிஞர் பீட்டர் மெடவார்

இறந்தவரின் கருவிழியை வேறொருவர் கண்ணில் பொருத்தினால் அது பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. ஆனால், ஒருவருடைய தோலை இன்னொருவர் உடலில் ஒட்டினால் சில நாள்களில் அழிந்துபோகிறது. ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் பீட்டர் மெடவார்.

1915-ஆம் ஆண்டு பிரேசிலில் பிறந்தவர் அவர். தந்தை லெபனான் வழியினர், தாய் ஆங்கிலேயர். ஆக்ஸ்ஃபர்டில் விலங்கியல் பயின்றார். 1940-இல் அவர் வீட்டருகே விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. உடல் வெந்துபோன விமானியைக் காக்க மருத்துவர்கள் அவரிடம் யோசனை கேட்டனர். அன்று தொடங்கிய தேடல் அவர் வாழ்நாள் பணியாயிற்று.

பின்னர் கிளாஸ்கோவில், அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனுடன் இணைந்து பணியாற்றினார். தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு, உடன்பிறந்தவரின் தோலை இருமுறை ஒட்டிப் பார்த்தனர். முதல்முறை ஒட்டியதைவிட இரண்டாம் முறை ஒட்டியது விரைவாக அழிந்தது. அப்படியென்றால், உடல் முதல் ஒட்டை நினைவில் வைத்திருந்தது! ஒட்டை அழிப்பது நோய் எதிர்ப்பாற்றலே என்பதை முயல்களைக் கொண்டு அவர் மெய்ப்பித்தார்.

1948-இல் அவர் பார்வை கண்ணின் பக்கம் திரும்பியது. எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்ட முயலின் கண்ணுக்குள் அயல்தோலை வைத்தார். இரத்த நாளங்கள் எட்டாதவரை அது பிழைத்தது. நாளங்கள் ஊடுருவியதும் அழிந்தது. நாளங்களற்ற கருவிழி தப்பிப்பதன் மறைபொருள் இதில் ஓரளவு விளங்கியது. இன்றும் நாளங்கள் படர்ந்த கண்ணில்தான் மாற்றுக் கருவிழி நிராகரிக்கப்படும் ஆபத்து மிகுதி.

நாளங்கள் உள்ள இடத்தில் என்ன செய்வது? எதிர்ப்பையே அடக்க முடியுமா? இதற்கான துப்பு மாடுகளிடம் கிடைத்தது. இரட்டைக் கன்றுகள், ஒத்த இரட்டையர் அல்லாதபோதும், ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்றன. கருவிலேயே அவற்றின் இரத்தம் கலந்துவிடுவதை ரே ஓவன் 1945-இல் கண்டறிந்திருந்தார். மெடவாரும் பில்லிங்காமும் பிரென்ட்டும் கருவிலிருந்த எலிகளுக்கு வேறு இன எலியின் உயிரணுக்களைச் செலுத்தினர். வளர்ந்தபின் அவ்வெலிகள் அந்த இனத்தின் தோலை ஏற்றுக்கொண்டன. 1953-இல் வெளியான இம்முடிவு உலகை வியப்பில் ஆழ்த்தியது. மனிதருக்கு அம்முறை நேரடியாகப் பயன்படாது. ஆயினும், நிராகரிப்பு வெல்ல முடியாத விதியன்று என்பது உறுதியாயிற்று. உறுப்பு மாற்று மருத்துவர்களுக்கு அது பெரும் நம்பிக்கையைத் தந்தது.

1960-இல் பர்னெட்டுடன் நோபல் பரிசு பெற்ற மெடவார், தம் பங்குப் பணத்தைப் பில்லிங்காமுக்கும் பிரென்ட்டுக்கும் பகிர்ந்தளித்தார். 1969-இல் பக்கவாதம் தாக்கியது. அதன்பின்னும் எழுதுவதை அவர் விடவில்லை. 1987-இல் மறைந்தார்.

ஒரு பெண்ணின் உடலில் அழிந்துபோன தோல்துண்டுகளைத் தோல்வி என்று ஒதுக்காமல், அவை ஏன் அழிந்தன என்று கேட்டவர் மெடவார். ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத முடிவு வரும்போது, மாணவர்களாகிய நாமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.